பால் விலை, கடன், காப்பீடு: வேலூர் வட்டாரக் கறவை மாட்டுக் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, இரண்டு மூன்று கறவை மாடுகளையும் ஓரிரு ஏக்கர் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்களுடையவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பசும்பால் லிட்டருக்கு 38 ரூபாய் என்று அறிவித்தார்கள். எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு 33, 34 ரூபாய்தான் விழுகிறது. மீதிப் பணம் எங்கே போகிறது? (வாசகி, குடியாத்தம் வட்டம்)

அறிவிப்பில் வரும் தொகை எல்லாப் பாலுக்கும் பொதுவான விலை அன்று. 2022 நவம்பர் 5 முதல் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பால் விலையை 41 ரூபாயிலிருந்து 44 ரூபாயாகவும் உயர்த்தியது. 2023 டிசம்பர் 18 முதல் அதன்மேல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. தாங்கள் சொல்லும் 38 ரூபாய் இவ்விரண்டும் சேர்ந்த தொகை. அதில் 35 ரூபாய் என்பது 4.3 சதவீதக் கொழுப்பும் 8.2 சதவீத இதர சத்துகளும் (கொழுப்பும் நீரும் நீங்கலானவை) உள்ள பாலுக்கு நிர்ணயித்த விலை. கலப்பினப் பசுக்களில், குறிப்பாக அதிகம் கறக்கும் மாடுகளில், கொழுப்பு 3.5 சதவீதத்தை ஒட்டி நிற்பது வழக்கமானதே. தரம் குறையக் குறைய விலை இறங்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தங்கள் பாலுக்கு என்ன அளவு எழுதப்படுகிறது என்பதையே. ரூபாயை மட்டும் எழுதித் தரும் அட்டையை ஏற்காமல், லிட்டர், கொழுப்பு, இதர சத்துகள், விலை, ஊக்கத்தொகை ஆகிய ஐந்தும் தனித்தனியாகத் தெரியும் ரசீதைக் கேளுங்கள். இதர சத்துகளைப் பெரும்பாலும், பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியின் அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். பரவலாக வழங்கும் முறைப்படி, வெப்பத்துக்கேற்பத் திருத்திய பால்மானி அளவை நான்கால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கையும் 0.44-ஐயும் கூட்ட வேண்டும். பால்மானி 27, கொழுப்பு 4.0 என்றால் 6.75, 1.00, 0.44 சேர்ந்து 8.19 வரும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் வரிசையில் நின்றாலே பல சங்கங்களில் அளவு சீராகிவிடும்.

சோதனை நடக்கும் விதத்தையும் கவனியுங்கள். கறந்த சூட்டோடு, நுரை அடங்காத பாலில் பால்மானியை இட்டால் அது சற்று ஆழமாக அமிழ்ந்து குறைந்த அளவைக் காட்டும். வெப்பத்துக்கேற்பத் திருத்தம் செய்யாவிட்டால் அந்த இழப்பு உற்பத்தியாளர் தலையில்தான் விழும். கேனில் மேலே ஏடு ஒதுங்கியிருக்கும்போது கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்தால் கொழுப்பு குறைவாகத் தெரியும். வீட்டில் நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. மடியில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. அவசரத்தில் பாதியில் எழுந்தாலோ, கன்றுக்கென்று அதையே விட்டாலோ சங்கத்துக்குப் போவது நீர்த்த பாலாகத்தான் இருக்கும். கன்றுக்கு முதலில் ஊட்டவிட்டுப் பிறகு ஒட்டக் கறப்பது நல்லது. தவிடும் புண்ணாக்கும் மட்டும் போட்டு வைக்கோலையும் கடலைக்கொடியையும் குறைத்தால் பால் கூடலாம், கொழுப்பு கூடாது. நார்ச்சத்து வயிற்றில் புளித்து உண்டாகும் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் கணிசமான பகுதி உருவாகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அளவில் ஐயம் இருந்தால், சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சத்துவாச்சாரியில் உள்ள மாவட்ட ஒன்றிய அலுவலகத்துக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கும் நகலோடு செல்லலாம். என்னைக் கேட்டால், அச்சிட்ட ரசீது தரும் சோதனைக் கருவியை ஒவ்வொரு சங்கத்திலும் வைத்து அதை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது, புதிய மானியத் திட்டம் ஒன்றை அறிவிப்பதைவிடச் சிறு குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

நபார்டு மூலம் பத்து மாட்டுப் பண்ணைக்கு 33 சதவீத மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி, கோப்புச் செலவுக்கு முன்பணம் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா? (வாசகர், காட்பாடி)

கொடுக்க வேண்டாம். அவர் சொல்லும் மானியம் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. பால் பண்ணைத் தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 25 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 33.33 சதவீதமும் மானியம் வழங்கப்பட்டது. அத்திட்டம் 2020-21-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. மேலும், தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு தனி விவசாயிக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிகளுக்கு மறுநிதி அளிப்பதே அதன் வேலை. ஆகவே நபார்டு முத்திரையோடு ஒருவர் வீட்டுக்கு வந்து கையொப்பம் கேட்டால் ஐயப்படுவதே முறை.

இப்போது நடப்பில் உள்ள தேசிய கால்நடை இயக்கத்தில் ஆடு, கோழி, பன்றி வளர்ப்புக்கும் தீவன உற்பத்திக்கும் 50 சதவீத மூலதன மானியம் உண்டு. 2024-இல் குதிரை, கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். கறவை மாட்டுக்கு மட்டும் அந்தப் பிரிவில் இடம் இல்லை! பெரிய இனப்பெருக்கப் பண்ணைகளுக்கு வேறு திட்டம் உண்டு. ஆனால் அது பெரிய அளவில் மாடு கட்டுகிறவர்களுக்கானதே தவிர நமக்கானது அன்று. இரண்டு மூன்று மாடு வாங்க நினைப்பவர்கள் தாட்கோ (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசுக் கழகம்), டாப்செட்கோ (பிற்படுத்தப்பட்டோருக்கான அரசுக் கழகம்) கடன்களில் தங்களுக்குத் தகுதி உண்டா என்று மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டறிவது சரியான வழி.

எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. மாட்டுக் கொட்டகைகூட உறவினர் இடத்தில் இருக்கிறது. உழவர் கடன் அட்டை கிடைக்குமா? (வாசகி, அணைக்கட்டு ஒன்றியம்)

கிடைக்கும். 2018-19 நிதிநிலை அறிக்கையில் உழவர் கடன் அட்டையைக் கால்நடை வளர்ப்புக்கும் விரிவுபடுத்தியபோது, நிலம் என்பதை நிபந்தனையாக வைக்கவில்லை. சொந்தக் கொட்டகையோ, வாடகை அல்லது குத்தகைக் கொட்டகையோ வைத்திருக்கும் தனிநபரும், சுய உதவிக் குழுவும், கூட்டுப் பொறுப்புக் குழுவும் விண்ணப்பிக்கலாம். சிட்டா இல்லை என்று கிளையில் திருப்பி அனுப்பினால், கால்நடை வளர்ப்புக்கான விண்ணப்பப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பயிர்க்கடன் படிவத்தையே நீட்டுவதால் நேரும் குழப்பம் இது.

இது மாடு வாங்குவதற்கான கடன் அன்று என்பதைப் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். தீவனம், மருத்துவம், ஆள்கூலி, தண்ணீர், மின்சாரம் போன்ற நடைமுறைச் செலவுக்கு உரியது. மாடு வாங்கத் தவணைக் கடன் தனியாக உண்டு. கால்நடைப் பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவீதம், உரிய காலத்தில் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதம் ஆகும். 2025 ஜனவரி 1 முதல் அடமானம் இல்லாத கடனின் உச்சவரம்பு 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் உறுப்பினராக இருந்து, சங்கமே பால் பணத்தில் பிடித்துக் கட்டும் ஏற்பாடு இருந்தால் 3 லட்சம் வரை அடமானமின்றிக் கொடுக்கலாம் என்பது விதி. வங்கியில் விண்ணப்பிக்கும் முன், தங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் கேட்டுவிடுங்கள். அங்கே வட்டியில்லாமல் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இக்கடிதத்தை எழுதியவர், சாணம் அள்ளுவது முதல் பால் கறந்து ஊற்றுவது வரை தாமே செய்தாலும், சங்க உறுப்பினர் அட்டை கணவர் பெயரில் இருப்பதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். பால் ஊற்றிய பதிவேடும் வங்கிக் கணக்கில் வரவாகும் பட்டுவாடாவும்தான் கடன் கேட்கும்போது காட்டும் சான்று. அது யார் பெயரில் உள்ளதோ அவருக்குத்தான் கடன், அவருக்குத்தான் ஊக்கத்தொகை, சங்கத் தேர்தலில் அவருக்குத்தான் வாக்கு. உறுப்பினர் பதிவைத் தம் பெயருக்குக் கேட்டு விண்ணப்பிப்பதே அவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

பொய்கைச் சந்தையில் வாங்கிய சினைமாடு ஈன்ற சில நாளில் இறந்துவிட்டது. காப்பீடு இருந்தும், அடையாள எண் உள்ள காதுவில்லை இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். (வாசகர், ஒடுகத்தூர்)

வருந்துகிறேன், ஆயினும் அந்த நிராகரிப்பை மாற்றுவது கடினம். 'வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை' என்பது கால்நடைக் காப்பீட்டில் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் வைக்கும் நிபந்தனை. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கைமாறும் மாடுகளில் பழைய வில்லை அறுந்திருப்பதும், வில்லை எண் விற்றவர் பெயரில் பதிவாகியிருப்பதும் சாதாரணம். வாங்கிய உடனே கால்நடை மருந்தகத்தில் வில்லையிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வில்லை அறுந்தால், புது வில்லை போட்ட நாளன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதற்கான ஒப்புகையை வாங்கி வைக்க வேண்டும்.

இறப்பு நேர்ந்தால் புதைக்கும் முன் நிறுவனத்துக்குத் தகவல், வில்லை தெரியும்படி படம், கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். பாலிசி தொடங்கிய முதல் சில நாள்களில் நோயால் இறந்தால் தராத விதி பல பாலிசிகளில் உண்டு; சந்தையில் வாங்கிய மாட்டுக்கு அதுதான் ஆபத்தான காலம் என்பதால், அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 2024-இல் திருத்திய மத்திய வழிகாட்டுதலில் பயனாளி செலுத்தும் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். ஒதுக்கீடு தீர்ந்துவிடும் என்பதால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே மருந்தகத்தில் பெயர் கொடுங்கள்.

தனியார் வண்டி வீட்டு வாசலுக்கே வந்து லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடத் தருகிறது. சங்கத்தில் எதற்காக இருக்க வேண்டும்? (கே.வி.குப்பம் பகுதியிலிருந்து மூவர்)

இரண்டு ரூபாய் சிறு தொகை அன்று. அதை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த விலை எதை ஒட்டி நிர்ணயமாகிறது என்று பாருங்கள். நம் வட்டார நிலக்கடலைக்கு 2025-26-இல் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என்று மத்திய அரசு ஆதரவு விலை அறிவித்தது. பாலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆவின் கொடுக்கும் விலையே தனியாருக்கும் அளவுகோல். அதற்கு மேல் இரண்டு ரூபாய் வைத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. சங்கத்தில் பால் வற்றிப்போனால் அந்த அளவுகோலும் போய்விடும்.

எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் சித்தூரில் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-இல் மூடப்பட்ட பிறகு தனியார் நிறுவனங்களே அப்பகுதியின் விலையைத் தீர்மானித்ததை இப்பக்கத்து விவசாயிகள் நேரில் கண்டிருக்கிறார்கள். 2023 மே மாதம், குஜராத் கூட்டுறவு நிறுவனமான அமுல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பால் கொள்முதல் செய்ய முற்பட்டபோது, அதைத் தடுக்கக் கோரி முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கூட்டுறவுகள் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று நுழையக் கூடாது என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் போட்டியைத் தடுப்பது மட்டுமே உற்பத்தியாளருக்குச் செய்யும் உதவி ஆகிவிடாது. பட்டுவாடா தாமதமாகும் சங்கத்தை விட்டு ஒருவர் விலகினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தனியாருக்கு ஊற்ற முடிவு செய்தால் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பால் மிகும் மாதங்களில் எல்லாப் பாலையும் எடுப்பார்களா, அவர்கள் நமக்கு முன்பணம் கொடுத்தால் அது தீரும்வரை விலையை யார் சொல்வது. 2020 ஊரடங்கில் தேநீர்க் கடைகள் மூடியபோது பல தனியார் நிறுவனங்கள் கொள்முதலைக் குறைத்ததை மறக்க வேண்டாம்.

அப்பா பெயரில் பட்டா உள்ள நிலத்தில் நான்தான் பயிர் செய்கிறேன். பிரதமரின் உழவர் நிதி எனக்கு வருமா? (வாசகர், சோளிங்கர்)

வராது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அத்திட்டம் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே உரியது. குத்தகைதாரருக்கும் இதே நிலைதான். இது அத்திட்டத்தின் பெரிய குறை. தந்தை தகுதியுடையவராக இருந்தால் அவர் பெயரில் வரும். 2019 பிப்ரவரி 1-க்குப் பின் நிலம் கைமாறியிருந்தால், வாரிசுரிமை வழியாக வந்த மாற்றம் மட்டுமே ஏற்கப்படும்.

பால் வருமானம் விவசாய வருமானம்தானே, வரி உண்டா? (வாசகர், ஆற்காடு)

வருமான வரிச் சட்டப்படி பால் விற்பனை விவசாய வருமானம் அன்று. அது தொழில் வருமானம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதால், இரண்டு மூன்று மாட்டுக் குடும்பத்துக்குக் கவலை இல்லை. பத்துப் பதினைந்து மாடு வைத்திருப்பவர்கள் தீவனம் வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது; வரவில் செலவு கழிந்த தொகைக்குத்தான் வரிக் கணக்கு.