என் மகளுக்கு 4 வயது, பார்வையில் குறை எதுவும் தெரியவில்லை. இப்போதே கண் பரிசோதனை தேவையா?

தேவை. தூரத்தில் வரும் பஸ் நம்பரைக்கூடச் சொல்கிறாள், பள்ளியில் சேர்ந்ததும் அவர்களே பார்ப்பார்களே என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகளும் அப்படித்தான், வானத்தில் போகும் ஏரோபிளேனை எனக்கு முன்னால் அவள்தான் கை நீட்டிக் காட்டுவாள். அதையெல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு 8 வயதாகும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கத் துணியில் ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிறவளுக்கு, பெற்ற பிள்ளையின் கண் தெரியவில்லையா என்று என் மாமியாரே கேட்டுவிட்டார். இங்கேயும் யாராவது கேட்பீர்கள். வெளியே பார்த்தால் தெரியாதுங்க. மாறுகண் இல்லை, கண் சிவக்கவில்லை, தலைவலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் மூளை அந்த மங்கலான படத்தை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணையே வைத்துப் பழகிவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். போன் கொடுத்து வளர்த்ததால் வந்தது என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

மூணாம் வகுப்பில் பள்ளிக்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் கரண்டி மாதிரி இருந்த கறுப்பு மறைப்பை வலது கண்ணில் வைத்ததும் இவள் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓரமாகப் பார்க்கிறாள். நேராகப் பாரு என்று அதட்டினேன். "ஏம்மா, லைட்ட அணைச்சுட்டாங்களா?" என்றாள். சார்ட்டில் மேலே இருக்கும் ஒரே ஒரு பெரிய எழுத்துதான் இடது கண்ணுக்குத் தெரிந்தது.

என் அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரருக்கு நல்ல சம்பளம். அவள் மகனுக்கும் இதே குறைதான். அவன் எல்கேஜி படித்த தனியார் பள்ளிக்கே வந்து, கேமரா மாதிரி ஒரு கருவியை மூன்றடி தள்ளிப் பிடித்துச் சில நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். 4 வயதிலேயே கண்ணாடி, பேட்ச் எல்லாம் போட்டு, இப்போது அவனுக்கு இரண்டு கண்ணும் 6/6, அதாவது முழுப் பார்வை. என் மகளுக்கு நல்ல கண்ணைத் தினமும் 6 மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடி, ஒரு வருஷம் கழித்து 6/24 வரை வந்திருக்கிறது, அதாவது நல்ல கண் 24 மீட்டரிலிருந்து படிப்பதை அந்தக் கண் 6 மீட்டரில் நின்றுதான் படிக்கும். 7 வயதுக்குள் ஆரம்பித்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார் டாக்டர்.

பால்வாடிப் பிள்ளைகளை யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும். எங்கள் பால்வாடிக்கும் வந்தார்கள், எடை, உயரம், பல், காது பார்த்தார்கள், கண்ணில் டார்ச் அடித்தார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பால்வாடி டீச்சரைக் குறை சொல்லவில்லை, அவர் ஒருவரே எவ்வளவைத்தான் பார்ப்பார். அப்புறம் தேடிப் படித்தபோது, அமெரிக்காவிலும் 2016-17 கணக்கில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் இன்சூரன்ஸ் இல்லாதவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் கண் பரிசோதனை நடக்கவில்லை என்று இருந்தது. வசதியான நாட்டிலேயே இப்படி.

இலவசமாகத்தானே பார்க்கிறார்கள், கூட்டிப்போக என்ன என்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் போகிறது. அன்றைக்கு ஓவர்டைமும் இல்லை. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இரண்டு வருஷம் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) என்று சம்பளத்தில் பிடித்தார்கள், மகளுக்காகக் கார்டு கேட்டபோதுதான் என் பேரையே பதியவில்லை என்று தெரிந்தது. கேட்டதற்கு, இஷ்டம் இருந்தால் இரு என்றார் மேனேஜர். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். விளையாட்டு மாதிரி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அப்புறம் மற்றக் கண்ணை. ஒரு பக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால் உடனே போங்கள். தட்டிவிடாவிட்டாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் போட்ட சார்ட் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக் கண் பிரிவிலேயே பார்க்கலாம். பவர் பார்க்கச் சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரையோ அதற்கு மேலோ கண் கூசலாம், அதனால் காலையிலேயே போய்விடுங்கள், தலைக்குத் தொப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.