ஃபிளாரன்சும் சியெனாவும் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஃபிளாரன்சில் பிறந்த இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘நரகம்’ காவியத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. கெல்ஃப் என்றால் போப் கட்சி, கிபெல்லைன் என்றால் புனித ரோமப் பேரரசர் கட்சி என்பதோடு நிற்கிறது. ஒரே மதம், ஏறக்குறைய ஒரே பேச்சு, அக்கம்பக்கத்து ஊர்கள். போப்புக்கும் பேரரசருக்கும் ஆகாது என்றால் ஃபிளாரன்சும் சியெனாவும் ஏன் வெட்டிக்கொண்டு சாக வேண்டும்?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

அடிக்குறிப்பை மட்டும் நம்பினால் இந்தக் குழப்பம் தீராது. இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டும் வட்டிக்குக் கொடுத்துக் கொழுத்தவை. ரோமுக்குப் போகும் சாலை, இடையில் இருந்த சிற்றூர்கள், போப்பின் பண வரவு செலவு என எல்லாவற்றிலும் போட்டி. ஃபிளாரன்ஸ் கெல்ஃப் என்றால் சியெனா கிபெல்லைனாக இருந்தே தீர வேண்டும். கொள்கை அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், ஊரைவிட்டுத் துரத்துவது. ஒரு கட்சி ஜெயித்தால் தோற்றவர்களை விரட்டிவிட்டு அவர்கள் வீடுகளை இடிப்பார்கள். விரட்டப்பட்டவர்கள் வேறெங்கே போவார்கள்? எதிரி ஊருக்குத்தான். 1258இல் ஃபிளாரன்சிலிருந்து துரத்தப்பட்ட கிபெல்லைன்கள், ஃபரினாதா தெலி உபெர்த்தி தலைமையில் சியெனாவில் போய் உட்கார்ந்தார்கள். கிபெல்லைன்கள் பக்கம் நின்ற சிசிலி அரசன் மான்ஃபிரெடிடமிருந்து ஜெர்மன் குதிரைப்படையும் வந்து சேர்ந்தது.

1260 செப்டம்பர் 4. ஆர்பியா ஆற்றங்கரையில் மான்ட்டபெர்ட்டி என்ற இடத்தில் இரு படைகளும் மோதின. ஃபிளாரன்ஸ் படையின் நடுவே எருதுகள் இழுக்கும் போர்த்தேர் கரோச்சோ. அதில் ஊர்க்கொடி. கூடவே மார்த்தினெல்லா என்ற மணியும். போருக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்த மணியை அடிப்பார்களாம், எதிரி தயாராகிக்கொள்ளட்டும் என்று. என்ன வீறாப்பு! ஜெர்மானியர் பாய்ந்த நேரம் பார்த்து, ஃபிளாரன்ஸ் படைக்குள்ளேயே இருந்த போக்கா தெலி அபாத்தி, குதிரைப்படைக் கொடியைப் பிடித்திருந்தவனின் கையை வெட்டினான். கொடி விழுந்தது. பக்கத்தில் இருப்பவன் நம்மாளா துரோகியா என்று தெரியாமல் குதிரைவீரர்கள் ஓடினார்கள். காலாட்கள் கரோச்சோவைச் சுற்றி நின்று செத்தார்கள். நரகத்தின் 32ஆம் பாடலில், பனிக்கட்டிக்கு மேல் தலை மட்டும் தெரிகிற ஒருவனின் முடியைத் தாந்தே பிய்க்கிறாரே, அது இந்தப் போக்காதான்.

வென்றவர்கள் எம்போலியில் கூடி, ஃபிளாரன்சையே தரைமட்டமாக்கலாம் என்றார்கள். ஃபரினாதா ஒற்றை ஆளாக எதிர்த்துத் தடுத்தார். சியெனாவின் வெற்றியும் நிலைக்கவில்லை. சியெனா வணிகர்களிடம் வாங்கிய கடனைத் திருப்ப வேண்டியதில்லை என்று போப் அறிவித்ததும் அந்த ஊர்ப் பணக்காரர்கள் பலர் கெல்ஃப் ஆகிவிட்டார்கள்! 1266இல் பெனவெந்தோ போரில் மான்ஃபிரெடும் செத்தான். மறு ஆண்டே ஃபிளாரன்ஸ் கெல்ஃப்கள் கைக்குத் திரும்பியது. கிபெல்லைன் ஆட்சியில் இடிபட்ட தங்கள் வீடுகளுக்கு, 1269இல் ஒவ்வொன்றாக நஷ்டக் கணக்கு எழுதிவைத்தார்கள்.

ஊரைக் காப்பாற்றியவரின் குடும்பத்துக்கு மட்டும் மன்னிப்பு கிடைக்கவில்லை. பின்னாளில் ஃபிளாரன்சில் அரசு மாளிகை கட்டும்போது, உபெர்த்தி வீடுகள் இருந்த மண்ணில் அஸ்திவாரம் படக்கூடாதென்று கட்டடத்தையே கோணலாக்கினார்கள் என்று அந்த ஊர் வரலாற்றாசிரியர் வில்லானி தன் வரலாற்றில் எழுதுகிறார். இனி 10ஆம் பாடலுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே ஃபரினாதா, உங்கள் ஊர்ச் சட்டங்கள் என் குலத்தின்மேல் மட்டும் ஏன் இத்தனை இரக்கமில்லாமல் இருக்கின்றன என்று கேட்கிறார். ஆர்பியாவைச் சிவப்பாக்கிய அந்தப் படுகொலைதான் காரணம் என்கிறார் தாந்தே.