வாசனை போன டீ மேக்கர்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருக்கிறேன். கட்டபெட்டு அருகே வளைவில் பைக் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், முதலாளியும் வரச்சொல்கிறார். ஆனால் எனக்கு வாசனையே தெரியவில்லை. மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடம்கூட. நாலு பேர் சேர்ந்து பேசினால் தலை கனக்கிறது, சட்டென்று கோபம் வருகிறது. வலிப்பு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். சொல்லாமலே சமாளிக்க முடியாதா?

பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிடுங்கள். முதலில் டாக்டரிடம், பிறகு வேலையில் சேரும் முன்பே முதலாளியிடம்.

என் சித்தப்பா குன்னூர்ப் பக்கம் டீ மேக்கராக இருந்தவர். அரைத்துப் புளிக்கவிட்ட தூளை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். பச்சை வாடை அடங்கிப் பழ வாசனை வந்ததும் காயவைக்கும் டிரையருக்கு விடச் சொல்வார். நீங்களும் இத்தனை வருடம் அப்படித்தான் செய்திருப்பீர்கள். மூக்கு இல்லாமல் அதே வேலையை அதே மாதிரி செய்வதாகக் காட்டிக்கொண்டால், என்றாவது ஒரு நாள் தூள் அதிகமாகப் புளித்துவிடும், அல்லது டிரையரில் கருகல் ஏறிவிடும். குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை இறங்கியதும் காரணம் தேடுவார்கள். அன்றைக்கு உங்கள் காயம் யார் கண்ணுக்கும் தெரியாது. அசட்டை என்றே பெயர் வரும். உங்கள் வேலை போவதற்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை.

வாசனை ஏன் போனது என்று உங்களுக்கு யாரும் விளக்கவில்லை போலிருக்கிறது. மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. அதன் துளைகள் வழியாக நுண்ணிய நரம்பு இழைகள் மூளைக்குப் போகின்றன. தலை பலமாக மோதி மூளை உள்ளே குலுங்கும்போது இந்த இழைகள் அறுந்துபோகலாம். வாசனையை உணரும் மூளைப் பகுதியே கன்றிப்போயிருக்கவும் கூடும். தலைக்காயத்தில் அடிக்கடி நேர்வதுதான் இது. சிலருக்குத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள். சிலருக்கு வருவதே இல்லை. அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரை இப்போதே பாருங்கள்.

வாசனைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009ல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு வாசனைகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். யூகலிப்டஸ் தைலத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? அடிபட்டு வாசனை இழந்தவர்களில் எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. என்றாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி முதலாளியிடம் பேச வேண்டியது. "எனக்கு வாசனை தெரியவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள், அவர் பயந்துவிடுவார். எப்படி வேலை செய்யப்போகிறீர்கள் என்பதையும் கூடவே சொல்லுங்கள். தூள் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் சூடு ஏறுவதைத் தெர்மாமீட்டர் காட்டும், நேரத்தைக் கடிகாரம் காட்டும். சாம்பிள் பார்க்கும்போது துவர்ப்பும் கசப்பும் நாக்குக்கு இன்னும் எட்டும், ஏனென்றால் அவை மூக்கை நம்பி இல்லை. மணத்தையும் கருகலையும் மட்டும் உங்களால் சொல்ல முடியாது. அதற்கு நம்பிக்கையான ஓர் ஆளை ஷிஃப்டில் பக்கத்தில் கேளுங்கள். அவருக்கு நீங்கள் தொழில் சொல்லிக்கொடுக்கலாம். எத்தனை வருட அனுபவம் உங்கள் கையில் இருக்கிறது! ஆலைக்கும் அது லாபம்தான்.

ராத்திரி ஷிஃப்டுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. சாயந்தரம் வந்த கொழுந்து இரவெல்லாம் வாடி விடிவதற்கு முன்பே அரைக்கத் தொடங்குவார்கள் என்பது தெரியும். ஆனால் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். கொழுந்தை நசுக்கி அரைக்கும் சிடிசி ரோலர் பக்கத்தில் நிற்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெஷின் பக்கம் நிற்கலாமா, பைக் எப்போது ஓட்டலாம் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

தலை கனப்பதும் கோபமும் உங்கள் குணம் கெட்டதால் வந்தவை என்று நினைக்காதீர்கள். ஆறிவரும் மூளை, முன்பு தானாகச் செய்த வேலையை இப்போது முயன்று செய்கிறது. அதில் சீக்கிரம் களைத்துவிடுகிறது. "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முதல் சில வாரம் அரை நாள் கேளுங்கள். களைப்பு வந்த பிறகு உட்காராமல், வரும் முன்பே வெளியே வந்து அமைதியான இடத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். கணக்கையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் உறைபனிக் காலத்தில் சேருங்கள். கொழுந்து வரத்து குறைவு, நெருக்கடியும் குறைவு.

அரசு வேலையாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைக் காட்டியிருப்பேன். பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நேர்ந்த ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது அது. அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்பது எனக்கு ஆறாத வருத்தம். இந்த மலையில் உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோர் தனியார் ஆலையிலும் எஸ்டேட்டிலும்தானே இருக்கிறார்கள்.

வீட்டில் கேஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கசிவு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஆலையிலும் அடுப்புப் பக்கம் புகை கிளம்பினால் உங்களுக்குக் குரல் கொடுக்கும்படி ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

முதலாளியைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். பேச்சு நடுவில் உங்களுக்குத் தலை கனத்தால் மீதியை அவர் சொல்வார்.

அன்புடன்,
அக்கா