புஷ் நோட்டிஃபிகேஷன்: கேளுங்க, சொல்றேன்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பால் சொசைட்டிகளுக்கு, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில் ஆப் செய்து கொடுக்கிறேன். ஆப் திறக்காதபோதும் போனில் வந்து விழும் அறிவிப்பு, அந்த நோட்டிஃபிகேஷன் பற்றி மட்டும் கேளுங்கள்.

வேலந்தாவளத்துக்காரர்: அண்ணா, காய்கறி மண்டி ஆப். ஆண்ட்ராய்டு 12-ல் மணி அடிக்கிறது, 13-ல் மௌனம்.

ஆண்ட்ராய்டு 13-லிருந்து, பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். ஆப்பைத் திறந்ததுமே கேட்டுவிடாதீர்கள். எதற்கென்று தெரியாமல் மறுத்துவிடுவார்கள். இரண்டு முறை மறுத்தால் அனுமதி கேட்கும் பெட்டி மறுபடி வராது. ஐபோனில் ஒரே வாய்ப்பு. முதல் சரக்கைப் பதிவு செய்த பிறகு, 'விலை மாறினால் சொல்லட்டுமா' என்று கேளுங்கள்.

குமுளி: ஐபோனுக்கு மட்டும் வரவில்லை.

செய்தியை அனுப்பித் தரும் கூகுளின் ஃபயர்பேஸ் ஐபோனுக்கு நேராக அனுப்பாது, ஆப்பிளின் நோட்டிஃபிகேஷன் சேவையான ஏபிஎன்எஸ் வழியாகத்தான் போகும். ஆப்பிள் டெவலப்பர் கணக்கில் எடுத்த பி8 சாவிக் கோப்பை ஃபயர்பேஸில் ஏற்றினீர்களா? அதை ஒரே முறைதான் டவுன்லோடு செய்ய முடியும், பத்திரம். ஐபோன் ஆப் கட்டும் எக்ஸ்கோடில் புஷ் கேப்பபிலிட்டி சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாளையார்: செய்தி அனுப்ப ஃபயர்பேஸ் தரும் சாவி என்று வீடியோவில் சர்வர் கீ காட்டுகிறார்கள். எனக்கு இல்லையே?

பழைய வீடியோ. அந்த முறையை 2024-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது எச்டிடிபி வி1 என்ற புது முறை, அதற்குச் சாவி சர்வீஸ் அக்கவுண்ட் கோப்பு. அந்தக் கோப்பை ஆப்புக்குள் வைக்காதீர்கள், சர்வரில் மட்டும். வைத்தால் ஏபிகே-யை, அதாவது ஆண்ட்ராய்டு ஆப் கோப்பை, பிரிக்கத் தெரிந்த எவனும் உங்கள் பெயரில் செய்தி அனுப்புவான்.

சித்தூர்: செய்தி தமிழிலா, மலையாளத்திலா? போன் மொழியைப் பார்த்து அனுப்பலாமா?

கூடாது. இங்கே பாதிப் போன்கள் இங்கிலீஷில் இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசும் அக்கா ஒருவர், காலையில் பால் ஊற்ற வந்தபோது போனை நீட்டி, "தம்பி, என்ன எழுதியிருக்கு?" என்றார். நான் தமிழில்தான் அனுப்பியிருந்தேன். அவர் படித்தது மலையாளம் மீடியம். அன்றிலிருந்து பேசும் மொழியைக் கேட்பதில்லை, எதில் படிப்பீர்கள் என்று கேட்கிறேன். பதிலுக்கேற்ப இரண்டு டாபிக்கில், அதாவது ஒரே செய்தி பெறும் குழுக்களில், ஒன்றில் சேர்க்கிறேன். டாபிக் பெயரை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் ஏற்காது.

நல்லேப்பிள்ளி: தமிழர்களுக்கு மலையாளத்தில் அனுப்புவதா? ஒரே செய்தியில் இரண்டையும் போடுங்களேன்.

போடலாங்க. தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுத்தும் குறியும் தனித்தனியே 3 பைட், 'பா'வுக்கு 6. ஒரு செய்திக்கான பைட் வரம்புக்குள் தாராளமாகக் கொள்ளும். ஆனால் பூட்டிய திரையில் சில வரிதான் தெரியும். இரண்டாவது மொழி வெட்டுப்படும்.

நல்லேப்பிள்ளி: அப்போ தமிழை முதலில் போடுங்கள்.

அந்த அக்காவுக்கு யார் படித்துச் சொல்வது, நீங்களா? எல்லார் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்காது.

செங்கோட்டை: சர்வர் கீ எங்கே சார்?

மேலே வாளையாருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கொல்லங்கோடு: ஆறு மாதம் ஓடியது, இப்போது பலருக்கு வருவதில்லை.

ஒவ்வொரு போனிலும் உள்ள ஆப்புக்கு ஃபயர்பேஸ் தரும் முகவரி போன்ற டோக்கனை ஒருமுறை சேமித்ததோடு விட்டிருப்பீர்கள். ஆப்பை அழித்து மறுபடி போட்டாலே புது டோக்கன். மாறும்போதெல்லாம் சர்வருக்கு அனுப்புங்கள். 'அன்ரிஜிஸ்டர்டு' (இந்த டோக்கன் இனி செல்லாது) என்று பதில் வந்தால் பழையதை அழித்துவிடுங்கள்.

களியக்காவிளை: சர்வர் கீ...

வாளையார்!