‘எலிஃபன்ட்’ படம் கொலைக்கான காரணத்தைச் சொல்லாமல் நழுவிவிடுகிறதா?

நீங்கள் கேட்டபடியேதான் முதல் தடவை பார்த்தபோது எனக்கும் தோன்றியது. ஒரு பள்ளியில் இரண்டு மாணவர்கள் மற்றவர்களைச் சுட்டுக் கொல்லும் கதை; ஏன் சுட்டார்கள் என்று தெரியாமலே படம் முடிந்துவிட்டதே என்று கோபம்கூட வந்தது. இரண்டாம் தடவை பார்த்த பிறகு கோபம் போய்விட்டது.

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். படத்துக்குப் பின்னால் இருப்பது அந்தச் சம்பவம்தான். வீடியோ விளையாட்டு, பாட்டு, கேலி, துப்பாக்கிச் சட்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யானையைத் தடவிப் பார்த்தவர்களின் கதைதான். இயக்குநர் கஸ் வான் சான்ட் மனத்திலும் ‘யானை’ என்று பொருள்படும் இந்தத் தலைப்பை வைக்கும்போது அந்தக் கதை இருந்திருக்கிறது. கேலியும் விளையாட்டும் தபாலில் வந்து சேரும் துப்பாக்கியும் படத்தில் உண்டு. எதன்மீதும் அவர் தீர்ப்பை ஏற்றவில்லை.

அவர் நேரத்தைச் செலவிடுவது பிள்ளைகளோடு. நடைக்கூடத்தில் எலியாஸ், ஜானைப் படம் பிடிக்கிறான். பக்கத்தில் மிஷெல் ஓடுகிறாள். இந்த ஒரே கணம் மூன்று பேர் பக்கமிருந்தும் மூன்று முறை வருகிறது. முதலில் மிஷெல் யாரோ ஒரு பெண். மூன்றாம் முறை, உடற்பயிற்சி வகுப்பில் அரைக்கால் சட்டை போடக் கூசுகிறவள், நூலகத்தில் புத்தகம் அடுக்க ஓடுகிறவள் என்று தெரிந்துவிடுகிறது. அந்த நூலகத்தில் முதல் குண்டு அவள்மீதுதான் பாய்கிறது. நான் பள்ளி ஆசிரியை. வராந்தாவில் ஓடும் பிள்ளைகளை அதட்டியே பழகிய எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் மூடிக்கிடந்த ஒரு பள்ளியில், பெரும்பாலும் நடித்துப் பழக்கமில்லாத பிள்ளைகளை வைத்து எடுத்த படம் இது. பேச்சில் பெரும்பகுதி அவர்களாகவே பேசியது. 2003-ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை விருதும் சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தன. எனக்கு ஒத்துவராத இடமும் உண்டு: கொலைக்குப் புறப்படுமுன் குளியலறையில் அந்த இருவரும் முத்தமிடும் காட்சி. அந்த ஆசைக்கும் கொலைக்கும் ஏதோ முடிச்சு இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. அதைத் தவிர்த்திருக்க வேண்டும்.

ஜானை மட்டும் கவனித்துப் பாருங்கள். காலையில் குடித்துவிட்டுத் தாறுமாறாகக் காரோட்டும் அப்பாவிடமிருந்து சாவியை வாங்கித் தானே ஓட்டிவருகிறான். தாமதத்துக்காகத் தலைமையாசிரியர் முன் நிற்கிறான், பிறகு காலி அறையில் தனியாக அழுகிறான். சுடப்போகும் அந்த இருவரும் பைகளோடு பள்ளிக்குள் போவதைப் பார்த்ததும், உள்ளே போகாதீர்கள் என்று வெளியே எல்லோரிடமும் ஓடி ஓடிச் சொல்கிறான். பிறகு அந்த அப்பாவையே தேடிப்பிடித்து அவர் பக்கத்தில் நிற்கிறான்.