தெருவிலிருந்து மீட்ட கலப்பின நாயை மலை நடைக்கு அழைத்துச் செல்லலாமா?

அண்மையில்தான் ஒரு நாயை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றும், "மலைக்கெல்லாம் சாதி நாய்தான் ஆகும்" என்று யாரோ உங்களைத் தயங்க வைத்திருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். தாராளமாக அழைத்துச் செல்லலாம் என்பதே என் பதில். ஆனால், மீட்ட நாய்க்கு நமக்குத் தெரியாத ஒரு முன்கதை உண்டு. அது மலைக்கும் கூடவே வரும்.

என் செவலை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பின்புறம், பின்னங்கால் முறிந்து கிடந்தவள். ஒடுங்கிய முகமும் ஒட்டிய வயிறும் நாட்டு நாயைப் போல இருக்கும். மடிந்த காதும் புசுபுசுவென்ற வாலும் எந்த வழியில் வந்தன என்று கால்நடை மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. கால் கூடி ஓராண்டு கழித்து, மருத்துவர் சம்மதித்த பிறகே, ஒரு மார்கழிக் காலையில் அவளைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்றேன்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். புறப்படும்முன் சோறு வைத்தது என் தவறு. பாதி வழிக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். சோளக்காட்டைத் தாண்டி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஊர்ப்பாதையில் நடக்கத் தொடங்கியதும் தெளிந்து, என் காலுக்கு ஒரு சாண் தள்ளியே வந்தாள். எனக்கு மூட்டு வலி உண்டு. அதைப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் கைத்தடியைக் கொடுத்தார். அதை நான் வாங்கிப் பாறையில் ஊன்றிய ஓசை கேட்டதுதான் தாமதம், செவலை அடிவயிறு மண்ணில் ஒட்டப் படுத்து, வாலைக் கால்களுக்கிடையே செருகி, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். யாரோ, எப்போதோ, எதனாலோ அவளை அடித்திருக்கிறார்கள். அதை நான் அறிந்தது அந்தப் பாறையின் மேல்தான்.

தடியைப் பெரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து ஈரமூக்கு ஒன்று என் உள்ளங்கையை முகர்ந்தது. தடி பிடித்த கை என்பதாலோ என்னவோ, வெகுநேரம் முகர்ந்தது. இறங்கும்போது ஒவ்வொரு படியும் மூட்டில் குத்தியது. அவளோ கயிற்றின் நீளத்துக்கு முன்னே போய், நின்று, திரும்பிப் பார்த்து, நான் ஓரடி வைத்த பிறகே தானும் ஓரடி வைத்தாள். அதை நான் பழக்கவில்லை.

உயர்ரக நாய் வளர்ப்பவர்களைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்களுடைய அன்பும் அன்புதான். ஆனால், அன்று மாலை நாங்கள் தங்கக் கேட்ட விடுதியில், வேறொருவரின் பொன்னிற ரெட்ரீவர் முற்றத்தில் படுத்திருக்க, "தெருநாய்க்கு அனுமதியில்லை" என்று எங்களைத் திருப்பி அனுப்பியதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. தடுப்பூசி அட்டையைக் காட்டியும் அவர்கள் அதைப் பார்க்கக்கூட இல்லை. 2018 நவம்பரில் நேபாளத்தில் ஒரு மலையேற்றக் குழுவோடு தானாகவே சேர்ந்துகொண்டு, 7129 மீட்டர் உயரமுள்ள பருன்ட்சே சிகரத்தைத் தொட்ட மேரா ஒரு தெருநாய்தான்.

நாயோடு காட்டுக்குள் போவதே தவறு என்று சொல்வோரின் கவலை நியாயமானது. அதே 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் நச்சுயிரி அவற்றில் சிலவற்றில் கண்டறியப்பட்டது. ஆகவே சரணாலயம், காப்புக்காடு பக்கம் நான் போவதே இல்லை. ஊர்ப்பாதைகளில் மட்டும், கயிற்றை விடாமல் நடக்கிறேன். வெறிநாய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் தவணை தவறாமல் போடுங்கள். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பின் வழியாகவே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால் வெயிலேறுமுன் நடையை முடித்துவிடுங்கள். வீடு திரும்பியதும் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

கைத்தடியை இன்னும் நான் மலைக்கு எடுத்துச் செல்வதில்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு மூங்கில் தடியைத் தரையோடு கிடத்தி, அதன் பக்கத்தில் அவளுக்குச் சோறு வைத்து வருகிறேன். தொடக்கத்தில் தட்டை நெருங்கவே மாட்டாள். போன மாதம் தடியின்மேல் முன்னங்காலை வைத்தபடி சாப்பிட்டாள். நான் குனிந்து தடியைத் தொட்டவுடன் எழுந்து போய்விட்டாள்.