இறங்காத சோறும் இனிக்கும் கருப்பட்டியும்: எடை குறைப்பு அறுவைக்குப் பின், வாசகர் கேள்விகள்

எடை குறைப்பு அறுவை செய்துகொண்டு வீடு திரும்பிய பிறகு வரும் சந்தேகங்களைக் கேட்டு, குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஸ்லீவ் அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. கஞ்சி, சூப் வரை சிக்கலில்லை. சோறும் மீன்கறியும் தொடங்கியதிலிருந்து நாலு வாய் போனதும் நெஞ்சில் அடைக்கிறது, வாயில் எச்சில் ஊறி நுரை நுரையாக வாந்தி வருகிறது. ‘ஆபரேஷன் செய்தால் இதெல்லாம் சகஜம்’ என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– வாசகி, தக்கலை

விடக் கூடாது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஏத்தன்பழ வடிவில் ஒரு குழாய்; 100 முதல் 150 மி.லி. கொள்ளும். முன்பு இரைப்பை அரைத்ததை இனி பல்தான் அரைத்து அனுப்ப வேண்டும்.

சோறும் மீன்கறியும் ஏன் சிக்குகின்றன? குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு மெல்லாமலே வழுக்கி இறங்கிவிடும். முழுப் பருக்கைகள் உள்ளே ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைக்கும். மேலே வேறு வழியின்றி உமிழ்நீர் தேங்கும். நீங்கள் துப்பும் நுரை அதுதான்.

இப்படிச் செய்து பாருங்கள். சின்னத் தட்டு, தேக்கரண்டி. முதலில் மீன்: குழம்பில் நன்றாக வெந்த சாளையோ அயிலையோ, முள் நீக்கி 30 முதல் 40 கிராம். பொரித்த மீனின் முறுகிய மேல்பக்கம் இப்போது வேண்டாம். அடுத்து குழைய வெந்த பூசணியோ வெள்ளரிக்காயோ. அவியலில் முருங்கைக்காயை ஒதுக்கிவிடுங்கள். சோறு கடைசியில், குழைய வடித்தது, இரண்டு தேக்கரண்டி போதும்; இடமில்லாவிட்டால் அதுவும் வேண்டாம். ஒரு வாயை 20, 25 முறை மென்று, விழுங்கி ஒரு நிமிடம் பொறுத்து அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆக வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்து கொறிப்பதும் நல்லதல்ல.

வயிறு நிறைந்ததை முன்போல் அது சொல்லாது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு நெஞ்சுக்குழியில் அழுத்தம். எது வந்தாலும் அத்தோடு கை கழுவுங்கள். அடுத்த ஒரு வாய்தான் வாந்தியைக் கொண்டுவருவது. விக்கினால் தண்ணீர் கொடுப்பது நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை. இங்கே அது அடைப்பின் மேல் தண்ணீரை ஏற்றுவதாகிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

வாந்தி வந்த நாளில் மறுபடி சோற்றுக்குப் போகாதீர்கள். ஒரு நாள் நீராகாரம் மட்டும், அடுத்து ஓரிரு நாள் மசித்த உணவு, பிறகு மெல்லத் திரும்பலாம். இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று நாள் வாந்தி தொடர்ந்தாலோ, 24 மணி நேரம் நீர்கூட தங்காவிட்டாலோ அறுவை செய்த மருத்துவரிடம் போக வேண்டும். குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப் வழியாக பலூன் வைத்து விரிக்க முடியும்.

சகஜம் என்று விடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வைட்டமின் பி1. உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் காணும். வாந்தி நீடித்தால் தீர்ந்துவிடும். பிறகு நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சும் நினைவும் குழம்பும். தாமதித்தால் நிரந்தரமாகிவிடக்கூடிய பாதிப்பு இது. அறுவை திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ நடந்திருக்கும். அவசரத்துக்குப் போவது பக்கத்து மருத்துவமனைக்கு. அங்கே டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, ‘எடை குறைப்பு அறுவை ஆனவள், இத்தனை நாளாக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி வேண்டுமா என்று பாருங்கள்’ என்று நீங்களோ கூட வருபவரோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பி1 இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு கூடும்.

பைபாஸ் முடிந்து நான்கு மாதம். கல்யாண வீட்டில் அரை டம்ளர் அடைப்பிரதமன் குடித்தேன். கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. கருப்பட்டியில் செய்ததுதானே, சீனி இல்லையே? மரச்சீனிக் கிழங்காவது (மரவள்ளி) சாப்பிடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையேதான். சீனி, வெல்லம், கருப்பட்டி, அக்கானி (பதநீர்) எல்லாவற்றுக்கும் உங்கள் குடல் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. பை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் இரைப்பை வாசல் இப்போது வழியில் இல்லை. இனிப்பு மொத்தமாகக் குடலில் விழுந்து தண்ணீரை இழுக்கிறது. 10 முதல் 30 நிமிடத்துக்குள் வருவது இந்த வகை. காலை நீட்டிப் படுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். இன்சுலின் அளவுக்கு மேல் சுரந்து ரத்தச் சர்க்கரை விழுந்துவிடும்: கை நடுக்கம், கண் மங்கல், கொடும் பசி. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, பின்னாலேயே ஒரு முட்டையோ கொஞ்சம் தயிரோ சாப்பிடுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் அதே நாளில் சொல்லுங்கள்.

கிழங்கைத் தடை செய்யவில்லை. ஆனால் நடுநாரை உருவிவிட்டு மசித்து, மீன் சாப்பிட்ட பிறகு இரண்டு தேக்கரண்டி. 100 கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம் போலத்தான். அதே எடை சாளையில் 20 கிராம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் தேவை. இரண்டு முட்டையில் 12, 100 கிராம் மீனை இரு வேளையாகப் பிரித்தால் 20, பாலும் தயிருமாக 300 மி.லி.யில் 10, 30 கிராம் சிறுபயறில் 7. ஆக 49. மீதிக்கு சர்க்கரை சேராத புரதப் பொடி 20 கிராம் புரதம் வரும் அளவுக்கு. கிழங்கால் வயிறு நிறைந்தால் இந்தக் கணக்கு எட்டாது.

என் வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். போனால் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். பைபாஸ் முடிந்து இரண்டு மாதம், எப்போது போகலாம்?
– வாசகி, குளச்சல்

இப்போது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கவோ வலை இழுக்கவோ கூடாது என்பது பொதுவிதி. தையல் போட்ட இடங்களில் குடலிறக்கம் வரலாம். ஆனால் கரையில் வேலை செய்வதும், மருத்துவர் இல்லாத படகில் பல நாள் இருப்பதும் ஒன்றல்ல. எல்லா உணவும் வாந்தியில்லாமல் இறங்கி, மூன்றாவது மாதப் பரிசோதனையும் ரத்தச் சோதனையும் முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகே போகட்டும்.

போகும்போது இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. பாட்டிலைப் பக்கத்தில் வைத்து வாய் வாயாக நாளுக்கு இரண்டு லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். சிறுநீர் அடர்மஞ்சளானால் குடித்தது போதவில்லை. உடம்பு வலிக்குப் படகில் யார் கொடுத்தாலும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கூடாது, பாராசிட்டமால் மட்டும். இரைப்பைப் பையும் குடலும் சேரும் இணைப்பில் அந்த மாத்திரைகள் புண் உண்டாக்கும். பீடியும் அதையே செய்யும். மது முன்பைவிட வேகமாகத் தலைக்கேறும், நெடுநேரம் நிற்கும். கடலில் அது உயிராபத்து. கறுப்பாக மலம் போனாலோ, விட்டுவிட்டு முறுக்கும் வயிற்றுவலி வந்தாலோ படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும். எடை நன்றாகக் குறைந்த பிறகு குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்வது பைபாஸில் உண்டு. அதற்கு ஸ்கேனும் சில நேரம் அவசர அறுவையும் வேண்டிவரும்.

நான்காவது மாதம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எடைதான் குறைந்துவிட்டதே, சத்து மாத்திரைகளை நிறுத்தலாமா?
– வாசகி, நாகர்கோவில்

முடி கொட்டுகிறதே என்று அவசரப்பட்டு மாத்திரையைக் கைவிடாதீர்கள். வேகமாக எடை குறையும்போது மூன்றாவது மாதத்திலிருந்து முடி உதிர்வது வழக்கம். பெரும்பாலும் சில மாதங்களில் நின்று திரும்ப முளைக்கும். புரதம் எட்டுகிறதா என்று பாருங்கள், உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதியுங்கள். மாத்திரைகள் ஆயுள் முழுவதும்.

நேரம் பிசகினால் மாத்திரை தின்றும் பயனில்லை. கால்சியம் சிட்ரேட்டில் உள்ள கால்சியத்தை ஒரு நேரத்துக்கு சுமார் 500 மி.கி.க்கு மேல் உடம்பு சரியாக ஏற்காது, எனவே இரண்டு மூன்று தடவையாக. அதற்கும் இரும்புச்சத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. இரும்புச்சத்தோடு சாயாவும் காப்பியும் கூடாது. தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில். அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு கால்சியமும் இரும்பும் இல்லை. பி12 மாத்திரையோ மாத ஊசியோ மருத்துவர் சொல்வதைப் பொறுத்து.

மகளுக்கு 26 வயது. எடை காரணமாகக் குழந்தை தங்கவில்லை. பைபாஸ் முடிந்து ஐந்து மாதத்தில் மாதவிடாய் ஒழுங்காகிவிட்டது. இப்போதே முயற்சி செய்யலாமா?
– ஒரு தாய், குலசேகரம்

12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். எடை சரசரவென்று இறங்கும் காலத்தில் கரு தங்கினால் தாய்க்கும் சிசுவுக்கும் சத்து போதாது. எடை குறையும்போதே கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும், ‘இவளுக்கு எங்கே’ என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. காப்பர்-டி போன்றவற்றைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பின்னாளில் கர்ப்பமானதும், குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து எடுக்கும் சர்க்கரைச் சோதனைக்கு முன் பைபாஸ் ஆனதைச் சொல்லிவிட வேண்டும். மார்த்தாண்டம் வாசகருக்கு வந்த அதே படபடப்பு அந்தக் கரைசலால் வரலாம். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக் காட்டலாம்.